பக்கவாதக் கட்டியில் வாய் பாக்டீரியா: அப்பாவின் பல்லைப் பிடுங்க வேண்டுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக உண்டு. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. நேரத்தோடு கொண்டுபோனதால், ஆஸ்பத்திரியில் தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு மூளை ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். வாய் மட்டும் இன்னும் கோணல், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது. இந்த நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: பக்கவாதம் வந்தவர்களின் ரத்தக்கட்டியில், நூற்றுக்கு 84 பேருக்கு வாயில் இருக்கும் பாக்டீரியா இருந்ததாம். சொத்தைப் பல்லையெல்லாம் உடனே பிடுங்கிவிடு என்கிறார் சித்தப்பா. ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடு என்கிறார் இன்னொரு உறவினர். அம்மாவோ, "ரெண்டு வருஷமா கடவாய்ப் பல் வலின்னு சொல்லிட்டிருந்தார், நான்தான் கிராம்பு வெச்சு வெச்சு நாளைக் கடத்திட்டேன்" என்று அழுதுகொண்டிருக்கிறார்.

முதலில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள்: அவர் வைத்த கிராம்பால் இது வரவில்லை. ஒரு பல்லைக் கவனிக்காமல் விட்டதால்தான் இவருக்குப் பக்கவாதம் வந்தது என்று எந்த டாக்டராலும் இன்றைக்குக் கைகாட்டிச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தி பொய் இல்லை. அதை வைத்து உங்கள் வீட்டில் சொல்லப்படும் இரண்டு யோசனைகளும்தான் தப்பு. ஏன் என்று விளக்குகிறேன்.

நான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் 26 வருடம் நுண்ணுயிரியல் பார்த்தவன். என் பாதி ஆயுள் ரத்தக் கல்ச்சர் பாட்டில்களோடு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பாட்டில்களோடு போனது. அப்பாவைக் கவனிக்கும் நரம்பியல் டாக்டர் சொல்வதுதான் முதல் வார்த்தை. நான் பேசுவது அந்த பாக்டீரியாவைப் பற்றி. அது எனக்கு நெடுநாள் பழக்கம்.

அந்த 84 சதவீதம் ஃபின்லாந்தில் டாம்பரே என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே பெக்கா கார்ஹுனென் என்ற பேராசிரியரின் குழு, உங்கள் அப்பாவுக்குச் செய்த அதே முறையில் 75 பேரிடமிருந்து எடுத்த கட்டிகளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. 84 சதவீதக் கட்டிகளில் வாய் பாக்டீரியாவின் டி.என்.ஏ. இருந்தது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ் என்ற கூட்டம். அது மட்டுமே 79 சதவீதக் கட்டிகளில். இதே ஊர்க்காரர்கள் 2013இல் மாரடைப்பு வந்த 101 பேரின் இதயக் கட்டிகளைப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான்: 78 சதவீதம்.

அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டியை எடுக்கும்போதே அதே நோயாளியின் தமனி ரத்தத்தையும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு அளந்தார்கள். ஊசி குத்திய தோலிலிருந்தோ குழாயிலிருந்தோ பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ரத்தத்திலும் அதே அளவு இருந்திருக்க வேண்டும். கட்டியில் சுமார் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. லேபில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ‘கன்டாமினேஷன்’, அதாவது வெளியிலிருந்து கலந்துவிட்டது, என்ற ஒரே வார்த்தையில் எத்தனை பெரிய கண்டுபிடிப்புகள் குப்பைக்கூடைக்குப் போயிருக்கின்றன என்று. இது அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வேலை இல்லை.

இந்த மைடிஸ் கூட்டம் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தம் கலந்த அகார் என்ற கூழ்த் தட்டில் வளர்த்தால் ஊசிமுனைப் புள்ளிகளாக முளைத்து, தன்னைச் சுற்றி லேசான பச்சை நிறம் போடும். லத்தீனில் பச்சைக்கான சொல்லிலிருந்துதான் விரிடன்ஸ் என்ற பெயரே வந்தது. காலையில் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தப் பச்சையைத் தேடுவதுதான் பல வருடம் என் முதல் வேலை. நாம் கைக்குழந்தையாக இருக்கும்போதே இது வாயில் குடியேறிவிடுகிறது. சுத்தமான வாயிலும் இருக்கும், அழுக்கான வாயிலும் இருக்கும். வாயில் இருக்கிறவரை பெரிதாக ஒரு தொந்தரவும் செய்யாது.

வாயிலிருந்து ரத்தத்துக்குள் போவதும் அப்படி ஒன்றும் அபூர்வம் இல்லை. அமெரிக்காவில் 290 பேரை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஒரு ஆய்வில், வெறுமனே பல் துலக்கியவர்களிலேயே 23 சதவீதம் பேரின் ரத்தத்தில் பாக்டீரியா தென்பட்டது. பல் பிடுங்கியவர்களில் 60 சதவீதம். முன்கூட்டியே அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பிடுங்கியவர்களிலும்கூட 33 சதவீதம். ஆரோக்கியமான உடம்பு இதையெல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் துடைத்துப் போட்டுவிடும். ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் கசிகிற வாயில் அந்தக் கதவு எப்போதும் ஒருக்களித்தே கிடக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ரத்தத்துக்குள் போனது கட்டியை உண்டாக்குமா? உண்டாக்க முடியும் என்பதற்கு லேபில் சான்று உண்டு. இந்தக் குடும்பத்தில் சில இனங்களுக்கு, ரத்தத் தட்டணுக்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதங்கள் மேல்தோலிலேயே இருக்கின்றன. காயம் பட்ட ரத்தக்குழாயைப் பார்த்தது போலத் தட்டணுக்கள் ஏமாந்து கூடிவிடும். கூடவே வெள்ளணுக்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசுகின்றன; பக்கவாதக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வலைகளும் தெரிகின்றன. வலை வீசிய இடத்தில் ரத்தம் இன்னும் சீக்கிரம் உறையும். உறைந்தால் கிருமி அங்கேயே சிறைப்படும், மேலே பரவாது. உடம்பு தன்னைக் காக்கச் செய்யும் வேலைதான். மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் அதுவே வினையாகிவிடுகிறது.

ஆனால் இதே விஷயத்தைத் திருப்பியும் போடலாம். உங்கள் பக்கத்து ஓட்டேரி நல்லா கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு பாலத்தடியில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால், மேலேயிருந்து வரும் பாட்டில், தெர்மாகோல், கிழிந்த பை எல்லாம் அதில்தான் சிக்கும். மறுநாள் மாநகராட்சி ஆட்கள் வாரிப்போடும்போது உள்ளே பத்து பாட்டில் கிடக்கும். பாட்டில்தான் அடைப்பை உண்டாக்கியதா, அடைப்பு பாட்டிலைப் பிடித்ததா? குவியலை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தக்கட்டியும் ஒரு வலைதான். ரத்தத்தில் ஓடுகிற சிறு துணுக்குகள் ஐந்து மடங்கு என்ன, அதற்கு மேலும் அதில் சேரலாம். அதோடு டி.என்.ஏ. சோதனைக்கு உயிரோடு இருக்கும் பாக்டீரியாவும் செத்துப்போன பாக்டீரியாவின் மிச்சமும் ஒன்றுதான். சோதித்ததும் ஒரே ஊரின் 75 பேர்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அது நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். பல் கெட்டவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் வருகிறது என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. ஆனால் பல்லைக் கெடுப்பது எது? சர்க்கரை, சிகரெட், மாவா, கையில் காசில்லாத நிலை. மூளை ரத்தக்குழாயைக் கெடுப்பதும் இதே பட்டியல்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்–இண்டியாப் கணக்கெடுப்பு 2023இல் சொன்னபடி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பக்கவாதத்துக்குக் காரணம் தேடினால் என் விரல் முதலில் அங்கேதான் போகும். பல் அதற்கப்புறம் வெகு தூரம் தள்ளித்தான்.

ஆன்டிபயாடிக் யோசனைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஆசையோடு மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. அதுவும் ஃபின்லாந்தில்தான் தொடங்கியது. 1988இல் பெக்கா சைக்கு என்பவரும் அவருடைய சகாக்களும், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் கிளமிடியா நியூமோனியே என்ற பாக்டீரியாவுக்கு எதிரான அடையாளங்களைக் கண்டார்கள். அடுத்த வருடமே அங்கே இன்னொரு குழு, மாரடைப்புக்காரர்களின் பற்கள் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருப்பதாக எழுதியது. வயிற்றுப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நிரூபித்துக்கொண்டிருந்த காலம் அது. 2005இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. புண்ணுக்கு நடந்தது மாரடைப்புக்கும் நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்த 2005லேயே முடிவும் வந்தது. இதய நோயாளிகள் 4,000க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு வாரம் ஒரு முறை, ஒரு வருடம் முழுக்க அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. வேறு மருந்தை வைத்துச் செய்த இன்னொரு பெரிய ஆய்விலும் அதே கதி. பக்கவாதம் வந்த உடனே முன்னெச்சரிக்கையாக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் நன்றாகத் தேறுவார்களா என்று நெதர்லாந்தில் 2,500க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து, 2015இல் வெளியிட்டார்கள். அதிலும் தேறுவதில் வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் தோற்றது என்பதற்கு டாம்பரே குழு 2025இல் ஒரு குறிப்புக் கொடுத்திருக்கிறது. திடீரென்று இறந்த 121 பேரின் இதயக் குழாய்களையும், அறுவை சிகிச்சையில் எடுத்த 96 பேரின் ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவங்களையும் பார்த்தார்கள். இரண்டிலும் சுமார் 42 சதவீதத்தில் விரிடன்ஸ் இருந்தது. அது தனித்தனிப் பாக்டீரியாவாக இல்லாமல், படிவத்தின் நடுவே பாசி படிந்தது போல ஒரு படலமாக, உடம்பின் காவலர்கள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தது. பாத்ரூம் தரையில் பிடித்த பாசியை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் போக்க முடியாது இல்லையா, ஐந்து நாள் மாத்திரையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் படலத்தைத் தொடாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, மிச்சமிருப்பதை மருந்துக்கு அடங்காததாகப் பழக்கிவிடும். என் கடைசிப் பத்து வருட வேலையில், எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவை ரிப்போர்ட்டில் எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன சாயங்காலங்கள் நிறைய. தயவுசெய்து மருந்துக்கடையில் சும்மா வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது சந்தேகத்துக்கே இடமில்லாதது. இதய வால்வில் இதே விரிடன்ஸ் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து துண்டு உடைந்து மூளைக்குப் போய் அடைத்தால், அந்தக் கட்டி பாக்டீரியா மூட்டையேதான். எண்டோகார்டைட்டிஸ் என்பார்கள். சின்ன வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள் இவர்களுக்கு வரும். ஒரு பெண் இன்னும் என் ஞாபகத்தில் இருக்கிறார். முப்பது வயதுகூட இல்லை. மூன்று வாரமாகக் காய்ச்சல், வெளியே பல இடத்தில் காய்ச்சல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இடது கை விழுந்த பிறகுதான் எங்களிடம் வந்தார். அவருடைய மூன்று பாட்டில்களிலும் அந்தப் பச்சை வளர்ந்தது. அவருக்கு ஆன்டிபயாடிக்தான் உயிர், அதுவும் வாரக்கணக்கில் நரம்பு வழியாக. உங்கள் அப்பாவுக்கு நீடித்த காய்ச்சல் இருந்ததா, இதயத்தில் எக்கோ பார்த்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். எக்கோவில் வால்வு சரியாக இருந்து, காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் இந்தக் கவலை வேண்டாம்.

அப்படியானால் கடவாய்ப் பல்லை என்ன செய்வது? பார்க்க வேண்டும், கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அவசரமாகப் பிடுங்க வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஈறு சிகிச்சை தீவிரமாகச் செய்தால் அடுத்த பக்கவாதம் குறையுமா என்று அமெரிக்காவில் 280 பேரிடம் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் உறுதியாகச் சொல்லும்படி பலன் தெரியவில்லை. ஆனால் ஈறு நோயைச் சரிசெய்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்குகிறது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, மூன்று நான்கு மாதத்தில் ஏறக்குறைய 0.4 அளவு குறைவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது வேறு. பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று யாராவது சொல்லி, ரத்தம் கட்டாமல் காக்கும் ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரலையும் வீட்டிலேயே நான்கைந்து நாள் நிறுத்திவிடுவார்கள். ஐந்து வாரத்துக்கு முன் கட்டி எடுத்த ஒருவருக்கு அந்த மாத்திரைதான் இன்றைக்குக் காவல். பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சைக் கடிக்க வைத்தும், ஒரு தையல் போட்டும் பல் டாக்டரால் நிறுத்த முடியும். மூளையில் மறுபடி அடைத்தால் அப்படி நிறுத்த முடியாது. அதனால் மாத்திரையை நிறுத்தும் முடிவு உங்கள் வீட்டிலோ சித்தப்பாவிடமோ இருக்கக் கூடாது. மாத்திரைச் சீட்டு, கடைசி சர்க்கரை, பிரஷர் அளவு, டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போய், பக்கவாதம் வந்து எத்தனை வாரம் ஆயிற்று என்பதை முதலில் சொல்லுங்கள். வீக்கமும் சீழும் இல்லாவிட்டால் இப்போதைக்குத் தற்காலிக வைத்தியம் செய்துவிட்டு, பிடுங்குவதை நரம்பியல் டாக்டரைக் கேட்டுத் தள்ளிவைப்பார்கள். செலவு யோசனையாக இருந்தால் கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

இவ்வளவு நேரம் கட்டியைப் பற்றிப் பேசினேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த 84 சதவீதம் இல்லை. "சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். வாய் பாக்டீரியா பக்கவாதக்காரர்களைக் கொல்லும் வழி ஒன்று சர்ச்சையே இல்லாமல் தெரியும். அந்த வழி நுரையீரல். விழுங்கும் தசை பலவீனமானால் எச்சிலும் சோறும் மூச்சுக்குழாயில் இறங்கும், எச்சிலோடு வாயில் இருக்கும் அத்தனை பாக்டீரியாவும் இறங்கும், நிமோனியா வரும். பக்கவாதத்தில் பிழைத்தவர்கள் அதற்குப் பிறகு வரும் நிமோனியாவில் போவதை நான் எத்தனையோ சளிக் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தால், செய்ய வேண்டிய இடம் இதுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, விழுங்குவதைச் சோதிக்கும் தெரபிஸ்ட் யார் என்று கேட்டு அப்பாவைக் காட்டுங்கள். என்ன பதத்தில் சாப்பாடு கொடுக்கலாம், தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வேண்டாம். டி.வி.யை அணைத்துவிடுங்கள், சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீர் தேங்கியது போலக் கொழகொழவென்று கேட்டாலோ, சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் வந்தாலோ கஷாயம் வைத்துப் பார்க்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

பல் துலக்குவது காலையிலும் ராத்திரியும், நீங்களோ அம்மாவோ பக்கத்தில் நின்று. குழந்தைகளுக்கு வாங்கும் சின்ன, மென்மையான பிரஷ் போதும். பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், நுரை அதிகமானால் அதுவே புரையேறும். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத் துப்பவையுங்கள், அண்ணாந்து கொப்பளிக்க விடாதீர்கள். நாக்கையும் மெதுவாக வழித்துவிடுங்கள். பல் செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். நல்லெண்ணெய் கொப்பளிக்கலாமா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். புரையேறுகிற ஆளுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது நுரையீரலில் இறங்கினால் பெரிய தொல்லை.

இன்னொன்று, அவருக்கு விழுந்தது வலது கை என்றால் வலது கன்னமும் சேர்ந்து பலவீனமாக இருக்கும். அந்தப் பக்கம் சோறு ஒதுங்கினாலும் அவருக்குத் தெரியாது, நாக்கும் அங்கே போய்த் துழாவாது. சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு கவளம் அப்படியே அடங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு ராத்திரி அவர் படுப்பதற்கு முன் செல்போன் டார்ச்சை அடித்து அந்தக் கன்னத்துக்குள் பாருங்கள். ஏதாவது இருந்தால் ஈரத்துணியை விரலில் சுற்றி வழித்து எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு படுக்கவையுங்கள்.